முன் டயர் ஒரு பக்கமாகவே தேய்கிறதா? புது டயர் வாங்கும் முன் நூல் பிடித்துப் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் இ.சி.ஆர் பக்கம் போனால் ஒரு திருவிழாவையே பார்க்கலாம். சென்னையிலிருந்து கிளம்பிய பைக்குகள் கோவளம், வடநெம்மேலி, மாமல்லபுரம் என்று டீக்கடை டீக்கடையாக நின்று போகும். 100 சி.சி வண்டி முதல் 650 சி.சி வண்டி வரை எல்லாம் இருக்கும். நிறுத்திய இடத்தில் டேங்க்கைத் துடைப்பார்கள், கண்ணாடியைச் சரிசெய்வார்கள், செல்ஃபி எடுப்பார்கள். குனிந்து முன் டயரைப் பார்ப்பவர்கள் மட்டும் அபூர்வம்.

அப்படிப் பார்த்தால் பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். டயரின் வலது பக்கம் இடது பக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்திருக்கிறதே, ஏன்?

மெக்கானிக் கடைகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும். "அண்ணே, வண்டி ஒரு பக்கமா இழுக்கற மாதிரியே இருக்குண்ணே." "டயர் முடிஞ்சுபோச்சு தம்பி, மாத்திடு." டயர் மாறும். வண்டியும் கொஞ்ச நாள் சுகமாக ஓடும். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் புது டயரும் அதே பக்கத்தில், அதே மாதிரி தேய்ந்து நிற்கும். கோளாறு வண்டியில் இருந்தால், டயரை எத்தனை முறை மாற்றினாலும் கதை இதுதான்.

வீணாகும் பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 சதவிகிதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. ஒவ்வொரு விபத்துக்கும் டயர் காரணமில்லைதான். ஆனால், பின் டயர் வழுக்கினால் பல சமயம் சமாளித்துவிடலாம். முன் டயர் வழுக்கினால் யோசிக்கவே நேரம் இருக்காது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்தின் மேல்தான் வந்து இறங்குகிறது. அந்தப் பாரத்தைத் தாங்கிச் சாலையைப் பிடித்திருப்பது உள்ளங்கை அளவுகூட இல்லாத ரப்பர்.

முதலில் டயரைப் படியுங்கள்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கி.மீ. சாதாரண 18 அங்குலச் சக்கரம் கொண்ட வண்டியில் அந்தத் தூரத்தைக் கடக்க முன் சக்கரம் ஏறக்குறைய 16,000 முறை சுற்றுகிறது. போய்வந்தால் 32,000. வண்டியில் சின்னக் கோணல் இருந்தாலும் அது இத்தனை ஆயிரம் முறை ரப்பரில் பதிவாகிறது. அதனால்தான் டயரைப் பார்த்தே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிட முடிகிறது.

வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். முன் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே டயரின் பட்டன்களைக் கவனியுங்கள். ஒரு தீக்குச்சியைக் காடிக்குள் நிறுத்தி, ஆழம் வரும் இடத்தில் நகத்தால் குறியிட்டுக்கொள்ளுங்கள். இடது பக்கம் ஒரு காடி, வலது பக்கம் அதற்கு இணையான காடி என்று சுற்றிலும் நான்கு இடங்களில் இப்படி அளந்து பாருங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டயரின் சுற்றளவு முழுவதும் ஒரே சீராக ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், வண்டி சாலையில் நிற்கும் விதத்தில் காரணம் இருக்கிறது. சாலையின் சரிவு, சுமை, சக்கரங்களின் நேர்கோடு ஆகிய மூன்றில் ஒன்று. சுற்றளவில் சில இடங்களில் மட்டும் அதிகமாகவும் சில இடங்களில் குறைவாகவும் தேய்ந்திருந்தால், சக்கரத்திலோ ஃபோர்க்கிலோ கோளாறு. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மற்ற தேய்மானங்களும் ஆளுக்கொரு சேதி சொல்கின்றன:

• நடுப்பகுதி மட்டும் தட்டையாகியிருந்தால்: நேர்ச்சாலையில் நீண்ட தூரம் ஓடிய வண்டி, அல்லது காற்று அளவுக்கு அதிகம். இ.சி.ஆரில் தினமும் ஓட்டுபவர்களுக்கு முதல் காரணமே போதும்.

• இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால்: காற்று குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறார்கள்.

• கையால் தடவும்போது ஒரு திசையில் வழவழவென்றும், எதிர்த் திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால்: முன் பிரேக்கின் வேலை. லேசாக இருந்தால் இயல்பு. தடவும்போது கண்ணாடிச் சில்லு, கம்பி குத்தாமல் இருக்கக் கையுறையோ தடித்த துணியோ அவசியம்.

• அலை அலையாகக் குழி விழுந்திருந்தால்: சக்கரம் சாலையில் உருளாமல் துள்ளித் துள்ளி ஓடுகிறது. ஃபோர்க் ஆயில், பேரிங், வீல் பேலன்ஸ், காற்று இவற்றைச் சந்தேகப்பட வேண்டும்.

• ஒரே ஓர் இடம் மட்டும் மொட்டையாக இருந்தால்: சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டு உரசிய தழும்பு.

வலது பக்கம் மட்டும் ஏன்?

நம் ஊர் வண்டிகளில் வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்வதற்கு வண்டியில் கோளாறே இருக்க வேண்டியதில்லை. நாம் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம் என்பதே போதும்.

மழைநீர் தேங்காமல் வழிவதற்காக, சாலையை நடுவில் உயர்த்தி ஓரங்களை நோக்கிச் சரித்துத்தான் போடுவார்கள். தார்ச் சாலைகளுக்குப் பொதுவாக 2 முதல் 2.5 சதவிகிதச் சரிவு. அதாவது மூன்றரை மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில் நடுக்கோட்டைவிட ஓரம் 7 முதல் 9 செ.மீ தாழ்ந்திருக்கும். நடுவில் தடுப்பு வைத்த ஜி.எஸ்.டி சாலையிலும் பெரும்பாலும் தடுப்புப் பக்கம் உயர்ந்து, இடது ஓரம் தாழ்ந்திருக்கும்.

பைக் நேராகத்தான் நிற்கிறது. அதன் கீழே சாலை இடது பக்கம் சரிகிறது. அப்போது தரை டயரைத் தொடும் இடம், டயரின் நட்ட நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. உள்ளங்கையைச் சாலை மாதிரி சாய்த்து, அதன் மேல் ஒரு வளையலை நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் இது புரியும். மேட்டுப் பக்கம்தான் வளையலில் முட்டும்.

இரண்டாவது காரணம் திருப்பங்கள். இடது பக்கம் ஓட்டும் நமக்கு, இடப்பக்கத் திருப்பம் உள்வட்டம், வலப்பக்கத் திருப்பம் வெளிவட்டம். இருவழிச் சாலையின் 90 டிகிரித் திருப்பம் ஒன்றில், இடப்பக்கம் திரும்பும் வண்டியைவிட வலப்பக்கம் திரும்பும் வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் கூடுதலாகச் சாய்ந்தபடி ஓடுகிறது. தவிர, வெளிவட்டத்தில் எதிரே வருவது நன்றாகத் தெரியும் என்பதால் பலரும் வேகத்தைக் குறைக்காமல் சாய்ப்பார்கள். சாலைச் சந்திப்புகளில் வலப்பக்கம் திரும்பும்போதும் இதே கதைதான். வலது ஓரம்தான் தேயும்.

அமெரிக்கா போல வலது பக்கம் ஓட்டும் நாடுகளில் பைக் ஓட்டுபவர்கள் இதையே தலைகீழாகச் சொல்கிறார்கள். அங்கே இடது பக்கம் அதிகம் தேய்கிறது.

எவ்வளவு தேய்ந்தால் இயல்பு?

"எல்லாம் ரோட்டோட வேலைதான்" என்று விட்டுவிடவும் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். 90 மி.மீ அகலமுள்ள ஒரு டயர், 2.5 சதவிகிதச் சரிவில் ஓடும்போது தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் நகர்கிறது. ஆகவே, சாலைச் சரிவால் வரும் தேய்மானம் டயரின் நடுவை ஒட்டி, லேசாக, சுற்றிலும் சீராக இருக்கும். தீக்குச்சி வைத்து அளந்தால்தான் தெரியும் என்கிற அளவில் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் பழியைச் சாலையின் மேல் போட முடியாது: வலது ஓரம் மொட்டையாகி இடது ஓரம் புதிதாகவே இருப்பது, இடது பக்கம் அதிகம் தேய்வது, சில ஆயிரம் கிலோமீட்டருக்குள்ளேயே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது, நேராகப் போகும்போது ஹேண்டில் கோணலாக இருப்பது, கீழே விழுந்த பிறகோ பள்ளத்தில் இறங்கிய பிறகோ தேய்மானம் தொடங்கியிருப்பது.

எந்தப் பக்கம் சுமை?

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரத்தில் பைக் என்பது பாதி சரக்கு வண்டி. மீன் ஐஸ் பெட்டி, பால் கேன், கேஸ் சிலிண்டர், குழந்தைகளின் புத்தகப்பை எல்லாம் அதில்தான் போகும். இவற்றை ஒரே பக்கம் தொங்கவிட்டால் என்ன ஆகும்?

இடது பக்கம் பாரம் இருந்தால் வண்டி இடது பக்கம் சாயப் பார்க்கும். விழாமல் இருக்க, ஓட்டுபவர் தன்னையறியாமலேயே வண்டியை வலது பக்கம் சாய்த்துப் பிடிப்பார். முழு வண்டியும் ஒரு பக்கம் சாய்ந்தபடியே 30 கி.மீ ஓடும். டயரின் வலது பக்கம் தேயும். ஏற்கெனவே சாலைச் சரிவும் வலது பக்கத்தைத்தான் தேய்க்கிறது. இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பால் வியாபாரிகள் இரண்டு பக்கமும் கேன் கட்டுகிறார்கள், சரிதான். ஆனால், ஒரு கேன் காலியான பிறகு அடுத்ததைத் திறந்தால், பாதி வழி முழுக்க ஒற்றைப் பக்கப் பாரம்தான். இரண்டிலிருந்தும் மாற்றி மாற்றி ஊற்றினால் டயருக்கும் நல்லது, முதுகுக்கும் நல்லது. சிலிண்டரைத் தொங்கவிட்டு நாளெல்லாம் ஓட்டும் வண்டிகளுக்குப் பின்பக்கம் நடுவில் கேரியர் அடிப்பதே நிரந்தரத் தீர்வு.

நூல் பிடித்தாற்போல் இருக்கிறதா?

சுமையும் இல்லை, சாலையும் காரணமில்லை என்றால் அடுத்த சந்தேகம் சக்கரங்களின் நேர்கோடு. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால், கடற்கரை நண்டு மாதிரி வண்டிக்கு முகம் ஒரு பக்கம், ஓட்டம் ஒரு பக்கம். நேராகப் போக ஹேண்டிலைச் சற்றுத் திருப்பியே பிடிக்க வேண்டியிருக்கும். முன் டயர் உருளுவதோடு கொஞ்சம் உரசவும் செய்யும்.

இதற்கு மிகச் சாதாரணமான காரணம், செயின் டைட் வைப்பது. பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஸ்விங் ஆர்மில் அளவுக்கோடுகள் இருக்கும். அவசரத்தில் ஒரு பக்க நட்டை இரண்டு சுற்றும் மறுபக்க நட்டை ஒரு சுற்றும் திருகிவிட்டால் பின் சக்கரம் கோணலாக உட்கார்ந்துகொள்ளும். குறை பின் சக்கரத்தில். தேய்வது முன் டயரில்! எனவே முதலில் இரண்டு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

அடுத்தது நூல். சுவர் எழுப்பும் கொத்தனாரிடம் இருக்கும் நூலே போதும். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் பத்து நிமிட வேலை.

1. சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஹேண்டிலை நேராக வையுங்கள்.

2. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பின் டயரின் பின்பக்கத்தைச் சுற்றி நூலைப் போட்டு, இரண்டு முனைகளையும் முன்பக்கம் கொண்டுவாருங்கள். ஸ்டாண்டு, சைலன்சர் எதிலும் நூல் உரசக் கூடாது. உரசினால் உயரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

3. இரண்டு பக்க நூலும் பின் டயரின் முன் விளிம்பை லேசாகத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி இழுத்துப் பிடியுங்கள்.

4. இப்போது முன் டயரைப் பாருங்கள். முன் டயர் சற்று ஒல்லி என்பதால் இரண்டு பக்கமும் நூலுக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி இரு பக்கமும் சமமாக இருந்தால் வண்டி நேர். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம். ஒரு பக்கம் விரல் நுழைகிறது, மறுபக்கம் நூல் டயரையே தொடுகிறது என்றால் கோணல் உறுதி.

செயின் கோடுகளைச் சரிசெய்த பிறகும் கோணல் இருந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ், ஃபோர்க், சேஸிஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அது மெக்கானிக்கின் வேலை. ஆனால், "நூல் பிடிச்சுப் பார்த்தேன், வலது பக்கம் இவ்வளவு வித்தியாசம் வருதுண்ணே" என்று சொல்லி வண்டியை விட்டால், அவருக்குத் தேடும் வேலை பாதியாகக் குறையும்.

விழுந்த வண்டியும் திருகிய ஹேண்டிலும்

வண்டி கீழே விழுந்து ஹேண்டில் கோணலாகிவிட்டால் நம் ஊரில் ஒரு கைவைத்தியம் உண்டு. முன் சக்கரத்தைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து, ஹேண்டிலை எதிர்ப்பக்கம் ஒரு திருகு. நேரானது போலத் தெரியும். வீடு வந்து சேர இது உதவும், ஆனால் இதையே கடைசி வைத்தியமாக விட்டுவிடக் கூடாது. இரண்டு ஃபோர்க் கால்களையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் ஆக்சிலையும் தளர்த்தி, ஃபோர்க்கை மேலும் கீழும் அழுத்தி அது தானாக நேராக உட்கார்ந்த பிறகு மறுபடி முறுக்குவதுதான் முறை. பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஒரு ஃபோர்க் குழாய் இன்னொன்றை அப்படியே மறைக்க வேண்டும். ஒன்று முன்னே, ஒன்று பின்னே தெரிந்தால் முறுக்கிக்கொண்டிருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. வளைந்த குழாயை மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

அதே நேரத்தில் இன்னும் மூன்று சோதனைகளையும் முடித்துவிடலாம். பின்பக்கம் ஒருவர் அமர்ந்து அழுத்திக்கொண்டால் முன் சக்கரம் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளும்.

ரிம்: சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஃபோர்க்கில் ஒரு குச்சியை வைத்து ரிம்முக்கு அருகில் காட்டுங்கள். ஒரு சுற்றில் இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம்மில் கோட்டம் இருக்கிறது. பல வண்டிகளின் சர்வீஸ் கையேடுகளில் இதற்கான வரம்பு 2 மி.மீ. ஸ்போக் சக்கரமாக இருந்தால் பெண்டு எடுத்துச் சரிசெய்துவிடலாம். அலாய் சக்கரம் நெளிந்தால் மாற்றுவதே நல்லது.

பேரிங்: டயரை எதிரெதிர்ப் பக்கங்களில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் போய்விட்டது.

கோன் செட்: ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுந்தாற்போல ஒரு இடத்தில் நின்று நின்று போனால், அல்லது ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும்போது ஆட்டம் தெரிந்தால், கோன் செட்டைக் கவனிக்க வேண்டும். அலை அலையான தேய்மானத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

பஞ்சர் ஒட்டிய பிறகு தொடங்கிய தேய்மானம் என்றால் ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போய் மறைந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, மறுபடி உட்காரவைத்தால் சரியாகிவிடும். டயரின் பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி, சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையைக் காட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

உப்புக்காற்று செய்யும் வேலை

பைக்கும் டயரும் பிறக்கும் மண்டலம் இது. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் தயாரிக்கும் சிறு தொழிலாகத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். அதே திருவொற்றியூரில் உருவான ராயல் என்ஃபீல்டு, 2013-ல் ஒரகடத்திலும் உற்பத்தியைத் தொடங்கியது. அப்போலோ டயர்ஸுக்கும் ஒரகடத்தில் தொழிற்சாலை இருக்கிறது. ஆனால், தொழிற்சாலையில் எவ்வளவு நேராகப் பூட்டிய சக்கரமானாலும் கோவளம் முதல் கல்பாக்கம் வரையிலான கடற்காற்றில் வளர்கிறது என்றால் அதற்குத் தனிக் கவனிப்பு தேவை.

உப்பு ஈரம் ஸ்போக்குகளையும் அவற்றின் நிப்பிள்களையும் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய ஸ்போக் ஒன்று தளர்ந்தால் பக்கத்து ஸ்போக்குகள் மேல் இழுவை கூடும். ரிம் மெல்ல மெல்லக் கோணும். ஒரு ஸ்பேனரால் ஸ்போக்குகளை லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி 'டிங்' என்று ஒலிக்க வேண்டும். ஏதாவது ஒன்று 'டொக்' என்றால் அது தளர்ந்துவிட்டது.

ஃபோர்க் குழாயின் பளபளப்பில் துருப்புள்ளி விழுந்தால் அது ஆயில் சீலை அறுக்கும். ஆயில் கசிந்து தீர்ந்த ஃபோர்க்கால் துள்ளலை அடக்க முடியாது. டயரில் அலைக்குழி விழும். கசியும் ஆயில் பிரேக்கில் பட்டால் ஆபத்து இரட்டிப்பு. கடற்கரைக்குப் போய்வந்த நாளில் நல்ல தண்ணீரில் சக்கரத்தையும் ஃபோர்க்கையும் கழுவித் துடைப்பது, இந்த எல்லாவற்றையும் தள்ளிப்போடும் மலிவான வழி.

காற்றும் கணக்கும்

காற்றழுத்தம் எவ்வளவு என்பதை ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். வண்டியின் கையேட்டிலும், பல வண்டிகளில் செயின் கவர் அல்லது ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கும். காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் சூடாகாத நேரத்தில் பார்க்க வேண்டும். செங்கல்பட்டு வெயிலில் 20 கி.மீ ஓட்டிவிட்டுப் பங்க்கில் பார்த்தால், சூட்டில் அழுத்தம் கூடித் தெரியும். அதைக் குறைத்துவிட்டு வந்தால், மறுநாள் காலையில் காற்று குறைவாக இருக்கும். பெட்ரோல் பங்க்குகளில் காற்று இலவசம். அதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வாகன டயரின் காடி ஆழம் 0.8 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. இதைக் காட்டவே காடிகளுக்குள் சிறு ரப்பர் மேடுகள் வைத்திருக்கிறார்கள். அவை இருக்கும் இடத்தை டயரின் பக்கவாட்டில் சிறு முக்கோணம் அல்லது டி.டபிள்யூ.ஐ என்ற எழுத்துகள் காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

ஒரு பக்கத் தேய்மானத்தில் ஏமாறும் இடமும் இதுதான். "இந்தப் பக்கம் இன்னும் பட்டன் இருக்கே" என்று நல்ல பக்கத்தைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பார்கள். டயரின் ஆயுளைத் தீர்மானிப்பது மிக மோசமாகத் தேய்ந்த இடம். ஐப்பசி மழையில் வலப்பக்கம் திரும்பும்போது சாலையைத் தொடப்போவது அந்த மொட்டைப் பக்கம்தான். தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளக் காடி இல்லாவிட்டால் பிடிப்பும் இருக்காது.

"டயரைக் கழற்றித் திருப்பிப் போட்டால் மறுபக்கம் தேய்ந்து சமமாகிவிடாதா?" என்று பலரும் கேட்பார்கள். அம்புக்குறி உள்ள டயரை அப்படிப் போடக் கூடாது. முன் டயரின் காடிகளும் அடுக்குகளும் பிரேக் விசையையும் தண்ணீரையும் ஒரு திசையில் சமாளிக்கவே அமைந்தவை. மிச்சம் பிடிக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்காக எடுக்கக்கூடிய ரிஸ்க் இல்லை இது. தேய்ந்த பின் டயரை முன்னால் போடுவதும் அப்படித்தான். ஹேண்டிலிலிருந்து கையை எடுத்துவிட்டு "வண்டி எந்தப் பக்கம் போகுது பார்ப்போம்" என்று சாலையில் சோதிப்பதும் வேண்டாம். நூல் சொல்லாத எதையும் அந்தச் சோதனை சொல்லிவிடாது.

கடைக்குப் போகும் முன்

கையில் இருக்கும் ஸ்மார்ட்போனே நல்ல சர்வீஸ் நோட்டு. மாதம் ஒரு முறை, வண்டியின் நேர் எதிரே குனிந்து முன் டயரை ஒரு படம். மீட்டரில் ஓடிய கிலோமீட்டரை ஒரு படம். மூன்று மாதப் படங்களை வரிசையாகப் பார்த்தால் தேய்மானம் கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பிறகு வரிசை எளிது. காற்று, சுமை, செயின் கோடுகள், நூல், ரிம், பேரிங், கோன் செட், ஃபோர்க். செலவில்லாததில் தொடங்கிச் செலவுள்ளதில் முடிகிற வரிசை இது. முதல் நான்கையும் வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். காரணம் கிடைத்து, அதைச் சரிசெய்த பிறகு, டயர் வரம்பைத் தாண்டித் தேய்ந்திருந்தால் தயங்காமல் புது டயர் போடுங்கள். புது டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு. 2324 என்றிருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. கடையில் வெகுநாள் கிடந்த பழைய சரக்கைத் தலையில் கட்டாமல் இருக்க இது உதவும்.

மாமல்லபுரத்துப் பஞ்ச ரதங்களுக்குச் சக்கரமே கிடையாது. அதனால் 1,300 ஆண்டுகளாகத் தேய்மானக் கவலையும் இல்லை. நம் வண்டிகளுக்கு இரண்டு சக்கரங்கள் இருக்கின்றன. முன்னால் சுழல்வது தினமும் ஒரு சேதியை எழுதிக்கொண்டே ஓடுகிறது. அடுத்த முறை டீக்கடையில் வண்டியை நிறுத்தும்போது, டீ ஆறுவதற்குள் ஒரு தரம் குனிந்து படித்துவிடுங்கள்.